பயமும் பாசமும்: நாம் ஆங்கிலம் கற்ற கதை

கல்லூரி மலர்களில் வரலாறு எழுதுவோர் அத்திவாரக் கல் நாட்டிய ஆண்டு, அதிபர்மாரின் பெயர்கள், மாணவியர் தொகை, பரீட்சைப் பெறுபேறுகள் என்பவற்றை எழுதுவது வழக்கம். அவை வேண்டியவைதான். எமது சங்கத்தின் இந்த நூற்றாண்டு மலரிலும் அவற்றை வேறு சகோதரிகள் எழுதுகிறார்கள். நாம் இங்கு எடுத்துக்கொண்டது எந்த அறிக்கையிலும் இடம்பெறாத ஒரு விடயம். ஆங்கில பாடத்துக்கு மணி அடித்தபோது வாங்கில் இருந்த பிள்ளையின் மனத்தில் என்ன இருந்தது என்பதே அது.

இதை எழுதத் தூண்டிய காரணம் எம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். மூன்றாம் வகுப்பிலிருந்து க.பொ.த. சாதாரண தரம் வரை நாம் எல்லோரும் ஆங்கிலம் படித்தோம். அதில் விசேட சித்தி பெற்ற சிலருக்கு இன்றும் தொலைபேசியில் ஆங்கிலக் குரல் கேட்டால் தொண்டை அடைக்கிறது. சாதாரண சித்தியோடு போன வேறு சிலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கடை நடத்தி, வாடிக்கையாளரோடு நாள் முழுவதும் தயக்கமின்றிக் கதைக்கிறார்கள். ஒரே வகுப்பு, ஒரே புத்தகம், ஒரே ஆசிரியை. இலக்கண அறிவைக் கொண்டு இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. பிள்ளை அந்த மொழியை எந்த உணர்வோடு சந்தித்தாள் என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானித்தது என்பது எமது கருத்து. எமது பகுதிப் பெண்கள் ஆங்கிலம் கற்ற இருநூறு ஆண்டு வரலாற்றில் இதற்குப் போதிய சான்று இருக்கிறது.

மொழியோடு வந்த பெயர்

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகளுக்கான செமினரியையும், 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடக்கினர். உடுவில் பாடசாலையைத் தொடக்கிய ஹரியற் வின்சுலோ அம்மையார், 1862இல் வெளிவந்த பெரிய தமிழ்–ஆங்கில அகராதியால் நாம் அறிந்திருக்கும் மிரன் வின்சுலோவின் துணைவியார்.

பெண்பிள்ளை எழுத்துப் படிப்பதே புதுமையாக இருந்த காலம் அது. படித்த பெண்ணை யார் கட்டுவார் என்ற பயம் ஒன்று. பிள்ளை மதம் மாறிவிடுவாளோ என்ற பயம் இன்னொன்று. மிஷன் உணவும் உடையும் கொடுத்தது. படிப்பை முடித்துக் கிறிஸ்தவ மணமகனைக் கட்டிய பிள்ளைக்குச் சிறு சீதனமும் கொடுத்தது. செமினரியில் படித்த இளைஞருக்குப் படித்த மனைவியர் வேண்டும் என்பது மிஷனின் நோக்கங்களில் ஒன்று.

விடுதிப் பிள்ளைகளின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்களே பிள்ளைகளுக்கும் சூட்டப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரான விசுவநாதபிள்ளை 'கறோல்' விசுவநாதபிள்ளை ஆனதும், கதிரைவேற்பிள்ளை 'வைமன்' கதிரைவேற்பிள்ளை ஆனதும் இவ்வாறே. பெண்பிள்ளைகளுக்கும் இதே வழக்கம் இருந்தது. ஏழு எட்டு வயதுப் பிள்ளை ஒன்று புதிய மொழியைக் கற்கும் முன்பே அந்த மொழியில் ஒரு பெயருக்குப் பதில் சொல்லப் பழகவேண்டியிருந்தது. சில பிள்ளைகளுக்கு அது பெருமையாக இருந்திருக்கலாம். சில பிள்ளைகள் இரவில் தமது வீட்டுப் பெயரைத் தமக்குள்ளே சொல்லிப் பார்த்திருக்கலாம். அவர்களின் மனநிலையை எழுதி வைத்தவர் இல்லை.

ஊரவரின் எதிர்ப்பை ஆங்கிலத்தின் மீதான வெறுப்பு என்று கொள்வது பிழை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவரே 1872இல் சைவ ஆங்கில வித்தியாசாலை ஒன்றையும் தொடக்கினார். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்காகக் கல்லூரி நிறுவியபோது, தமது வழிபாட்டை விடாமல் ஆங்கிலம் படிக்க அவர்களுக்கு வழி பிறந்தது. மொழி அதே மொழிதான். அதைச் சுற்றியிருந்த பயத்தை எடுத்தபோது, கதவைச் சாத்தி வைத்திருந்த வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள்.

ஆயிரம் பிள்ளைகளின் தாய்

உடுவில் வரலாற்றில் எலைசா அக்னியூ அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் போக முடியாது. 1840இல் யாழ்ப்பாணம் வந்த அவர் 1879 வரை அப்பாடசாலையை நடத்தினார். இடையில் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. தம்மிடம் படித்தவர்களின் மகள்மாரையும் பேத்திமாரையும் அவர் படிப்பித்தார். 'ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்' என்று அவரை அழைத்தனர். 1883இல் மானிப்பாயில் காலமானார்.

மதம் மாற்றுவதே அவருடைய நோக்கம் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறை ஓர் ஆசிரியையிடம் வந்ததற்கு நோக்கம் மட்டும் காரணமாகாது. அவர் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அறிந்திருந்தார்; மணமாகிப் போனவர்களின் வீடுகளுக்குப் போய் வந்தார். தம் பிள்ளையை அறிந்த ஒருவரிடம் பிள்ளையை விடுவதற்குத் தாய்மார் பயப்படுவதில்லை.

1855இல் இன்னொரு திருப்பம் வந்தது. அமெரிக்க மிஷனின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கிலம் படித்தவர்கள் ஊரைவிட்டு உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், மிஷன் பாடசாலைகள் தாய்மொழியிலேயே கற்பிக்கவேண்டும் என்ற முடிவு வந்தது. வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அக்காலத்தில்தான் ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், இரசாயனம் முதலான நூல்களைத் தமிழில் ஆக்கினார்.

வைத்தியத் தொழிலில் இருக்கும் எமக்கு அந்நூல்களின் பக்கங்களைப் புரட்டும்போது ஒரு பொறாமை ஏற்படும். எலும்பின் பெயரையும் நரம்பின் போக்கையும் வீட்டில் கதைக்கும் மொழியில் கேட்ட மாணவர், விளங்காததை விளங்கவில்லை என்று எழுந்து சொல்லியிருப்பார். அதற்கு முன் வசனத்தை மனத்துக்குள் கூட்டி, பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை.

ஆனால் ஆங்கிலம் அற்ற கல்வியைப் பெற்றோர் ஏற்கவில்லை. ஆங்கிலப் பாடசாலை வேண்டும் என்று மனுச் செய்தார்கள், பணம் சேர்த்தார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. ஆங்கிலத்தைத் திணித்தபோது ஒரு வகை மனக்காயம். மறுத்தபோது இன்னொரு வகை. கடல் கடந்த ஊரிலிருந்து வந்த முடிவுகளில் பிள்ளையின் ஆசைக்கும் பயத்துக்கும் இடம் இருக்கவில்லை என்பதே இரண்டுக்கும் பொது.

தண்டப்பணக் காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில மொழிமூலக் கல்லூரிகள் உச்சத்தில் இருந்தன. இலங்கை வைத்தியக் கல்லூரி 1892இல் பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. வரவேற்பறை அலங்காரமாக இருந்த பெண்ணின் ஆங்கிலம் தொழிலுக்கான கருவியாக மாறத் தொடங்கியது. எமது சங்கம் பிறந்ததும் இக்காலத்திலேயே.

எமது அம்மம்மாமார் இக்காலத்துப் பிள்ளைகள். பாடசாலை வளவுக்குள் தமிழ் கதைத்தால் தண்டப்பணம் கட்டவேண்டும் என்ற வழக்கம் அன்று நாட்டின் பல கல்லூரிகளில் இருந்தது. காசு இல்லாத பிள்ளைகள் இடைவேளையில் வாய் திறக்காமல் இருந்ததையும், கழிவறைப் பக்கம் ஒதுங்கித் தமிழில் இரகசியம் பேசியதையும் அவர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். கதையின் முடிவில் மட்டும் குரல் சற்று மாறும். "எங்கட பாஷையைக் கதைச்சதுக்குக் காசு கட்டினனாங்கள், பிள்ளை" என்பார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தண்டப்பணம் கட்டிய தலைமுறைதானே அழகான ஆங்கிலம் எழுதியது? பயம் பலன் தந்ததல்லவா? எமது ஒன்றுகூடல்களில் மூத்த அக்காமார் இதைக் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லவேண்டிய கேள்விதான்.

முதலாவதாக, அவர்கள் காலை முதல் மாலை வரை எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் கேட்டவர்கள். விடுதியில் இருந்தவர்கள் இரவிலும் கேட்டார்கள். அத்தனை மணித்தியாலம் ஒரு மொழியோடு இருந்தவருக்கு அது வந்ததற்குத் தண்டப்பணம் காரணம் என்று சொல்ல முடியாது. இரண்டாவதாக, எமக்குத் தெரிந்தவர்கள் தேறி வந்தவர்கள் மட்டுமே. வெட்கம் தாங்காமல் இடையில் நின்ற பிள்ளைகள் பழைய மாணவிகள் சங்கத்தில் சேரவில்லை. மலரில் கட்டுரை எழுதவும் இல்லை. ஒரு மருந்தை உட்கொண்டவர்களில் பிழைத்தவர்களை மட்டும் எண்ணி அதை நல்ல மருந்து என்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். மூன்றாவதாக, அவர்களுடைய நினைவில் பாசத்தோடு நிற்பது தண்டப்பணம் அல்ல. மாலையில் மரத்தடியில் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டிய ஆசிரியை, நாடகத்தில் சிறு வேடம் கொடுத்து மேடையேற்றிய ஆசிரியை, விடுதியில் காய்ச்சல் கண்ட இரவில் பக்கத்தில் இருந்த ஆசிரியை ஆகியோரே அவர்களுடைய நினைவில் நிற்கிறார்கள்.

வாள்

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளின் போதனாமொழி தாய்மொழி ஆயிற்று. 1950களில் இடைநிலை வகுப்புகளும் படிப்படியாகச் சுயமொழிக்கு மாறின. கூலித் தொழிலாளியின் மகளும் தன் மொழியில் விஞ்ஞானம் படித்துப் பல்கலைக்கழகம் போக முடிந்தது. இந்தக் கட்டுரையை வாசிக்கும் எம்மில் பெரும்பாலோர் அந்தக் கதவு வழியே வந்தவர்கள். அதன் அருமையைக் குறைத்துச் சொல்ல எமக்கு உரிமையில்லை.

ஆனால் ஆங்கிலம் நாற்பது நிமிடப் பாடமாகச் சுருங்கியது. அது வீட்டில் கதைக்கப்பட்ட சில குடும்பங்களிடம் தங்கியது. மற்றவர்களுக்குப் பரீட்சைத் தாளில் மட்டும் இருந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின் தமிழ்ப் பிள்ளைக்கு அரச கரும மொழியும் அந்நியம், ஆங்கிலமும் அந்நியம் என்ற நிலை. மருத்துவமும் பொறியியலும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தன.

சிங்கள மாணவர்கள் பல்கலைக்கழக விடுதிகளில் ஆங்கிலத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள்: 'கடுவ'. வாள் என்று பொருள். ஆங்கிலம் தெரிந்தவர் தெரியாதவரை வெட்டும் ஆயுதம் அது. ஆங்கிலப் பேராசிரியர் திரு கந்தையா 1980களில் இந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து, ஆங்கிலமும் அதிகாரமும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1987இல் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டம் இணைப்பு என்று சொன்னதை மாணவர்கள் வாள் என்றே அறிந்திருந்தார்கள். வாளை வைத்திருப்பவர் முன் வாய் திறக்க எவருக்கும் தயக்கம் வரும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1990களின் தொடக்கத்தில் முதலாம் ஆண்டு மாணவர் 22 பேரைக் கொண்ட தமது வகுப்பை ஓராண்டு கூர்ந்து கவனித்தார். அமெரிக்காவில் ஆக்கப்பட்ட பாடப்புத்தகம் அங்கு பாவனையில் இருந்தது. ஆண்டு முடிவில் புத்தகங்களின் ஓரங்களைப் பார்த்தபோது, மாணவர்கள் அங்கே படங்களும் தமிழ்க் குறிப்புகளும் சினிமா நினைவுகளும் போராட்ட வாசகங்களும் எழுதியிருந்தார்கள். வகுப்பில் அமைதியாக இருந்தவர்கள் பக்க ஓரத்தில் பேசியிருந்தார்கள். அதே மாணவர்கள் ஆங்கிலம் வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த மொழிமீது ஆசை இருந்தது. புத்தகத்தில் தம்முடைய வாழ்க்கை இல்லை என்ற ஒவ்வாமையும் இருந்தது. 1999இல் வெளிவந்த அவருடைய நூல் வழியாக இந்த வகுப்பறை உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்களால் வாசிக்கப்பட்டது.

ஜாம்போத்தல் விளக்கில்

நாம் பாடசாலையில் இருந்தது அதே காலம். மின்சாரம் இல்லை. ஜாம்போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு எரித்த விளக்கில் படித்தோம். பற்றரி இல்லாததால் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். பாடசாலை வளவில் பதுங்குகுழி இருந்தது.

எமக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியைமார் இருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இருவரின் பெயரையும் தவிர்க்கிறோம்.

முதலாமவரின் வகுப்பில் பிழை விட்டவர் வாங்கில் ஏறி நிற்கவேண்டும். 'ஸ்கூல்' என்ற சொல்லை 'இஸ்கூல்' என்று வாசித்த பிள்ளையை வகுப்பே சேர்ந்து பகிடி பண்ணும். தமிழ்ச் சொல் எதுவும் இரு மெய்யொலிகள் சேர்ந்து தொடங்காது. ஆகவே தமிழ் நா முன்னால் ஓர் உயிரொலியைத் தேடும். அந்தப் பிள்ளை தன் தாய்மொழியின் இலக்கணத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தாள் என்பதை அன்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை பிறகு ஆங்கில வகுப்பில் வாய் திறந்ததை நாம் கேட்டதில்லை.

அந்த ஆசிரியையையும் நாம் இன்று வேறுவிதமாகப் பார்க்கிறோம். சுயமொழியில் படித்து, ஆங்கிலம் கதைக்க வாய்ப்பில்லாமலே ஆங்கில ஆசிரியை ஆனவர் அவர். கல்விப் பணிமனையிலிருந்து யாராவது வகுப்பைப் பார்க்க வந்தால் அவருடைய கையில் இருந்த வெண்கட்டி நடுங்கும். புத்தகத்துக்கு வெளியே ஒரு கேள்வி வந்துவிடக்கூடாது என்பதற்காகவே அவர் எம்மை அடக்கி வைத்தார். ஆசிரியையின் பயமே பிள்ளைகளுக்கு இறங்கியது.

இரண்டாமவர் வேறு விதம். வகுப்பின் முதற் பத்து நிமிடம் யாரையும் திருத்தமாட்டார். தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்தாலும், ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடித்தாலும் தலையசைத்துக் கேட்பார். பிழையை அப்போது சொல்லாமல், அதே வசனத்தைத் தம்முடைய பதிலில் சரியாகச் சொல்வார். கேட்டவருக்கு மட்டும் விளங்கும்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தது. தென்மராட்சிப் பாடசாலைகள் காலையில் தம் பிள்ளைகளுக்கும் பிற்பகலில் எமக்குமாக இரு நேரம் இயங்கின. புத்தகத்தில் அன்றைய பாடம் விடுமுறைப் பயணம் பற்றிப் பேனா நண்பருக்குக் கடிதம் எழுதுவது. ரீச்சர் அந்தப் பக்கத்தை மூடச் சொன்னார். வீட்டிலிருந்து நீங்கள் எதை எடுத்து வந்தீர்கள், எதை விட்டு வந்தீர்கள் என்று எழுதுங்கள் என்றார். ஆங்கிலச் சொல் தெரியாத இடத்தில் தமிழ்ச் சொல்லைப் போடலாம் என்றார்.

நாம் எழுதினோம். ஒருவர் தையல் மெஷினின் தலையைச் சைக்கிளில் கட்டி வந்ததை எழுதினார். ஒருவர் கிணற்றடியில் விட்டு வந்த ஆட்டுக்குட்டியை எழுதினார். இறந்தகால வினைகள் எமக்கு அன்றுதான் மனத்தில் பதிந்தன: லீவ் – லெஃப்ட், பிரிங் – ப்ரோட், லூஸ் – லொஸ்ட். அதற்கு முன் அட்டவணையாக எத்தனை முறை பாடமாக்கியிருப்போம்! அன்று அவை எமக்குத் தேவைப்பட்டன. அந்த ஆட்டுக்குட்டியின் கதையை ரீச்சர் உரத்து வாசித்தபோது யாரும் பிழை பார்க்கவில்லை.

வைத்தியம் சொல்வது

மொழி கற்பித்தல் ஆய்வாளர்கள் இதே விடயத்தை வேறு வழியாக வந்தடைந்திருக்கிறார்கள். கவலையும் தாழ்வுணர்ச்சியும் ஒரு வடிகட்டிபோல் நின்று, காதில் விழும் மொழியை உள்ளே போகவிடாமல் தடுக்கின்றன என்று ஸ்டீபன் கிறாஷன் 1982இல் வெளிவந்த தமது நூலில் எழுதினார். 1986இல் இலேன் ஹோர்விற்ஸும் அவருடைய சகாக்களும் அந்நிய மொழி வகுப்பில் ஏற்படும் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை அமைத்தார்கள். மொழி வகுப்புப் பதற்றம் மற்றப் பாடங்களில் வரும் பயத்திலிருந்து வேறுபட்டது என்று அவர்கள் வாதிட்டார்கள். கணக்குப் பிழைத்தால் கணக்குத்தான் பிழை. வாய் பிழைத்தால் பேசிய ஆளே சிறுத்துப் போகிறார். சொந்த மொழியில் கெட்டிக்காரியான பிள்ளை புதிய மொழியில் குழந்தைபோல் தெரியவேண்டியிருக்கிறது. அந்தச் சிறுமையை வகுப்பின் முன் தாங்குவது இலேசல்ல.

உடலியல் விளக்கமும் கடினமானதல்ல. வசனம் ஒன்றை அமைக்கும்போது சொல்லையும் ஒழுங்கையும் கணநேரம் மனத்தில் பிடித்து வைக்கவேண்டும். மனத்தின் அந்த மேசை சிறியது. "சிரிப்பார்களோ, பிழைத்துவிட்டதோ" என்ற எண்ணங்கள் அதில் பாதியைப் பிடித்துக்கொண்டால் மொழிக்கு இடம் குறைகிறது. படித்தது மறந்துபோனது என்று பிள்ளை நினைக்கிறாள். உண்மையில் மறக்கவில்லை, எடுக்க முடியவில்லை. அதேவேளை, வலுவான உணர்ச்சியோடு நடந்ததை மூளை ஆழமாகப் பதிகிறது. ஆகவே வாங்கில் நின்ற அவமானம் முப்பது வருடம் நிற்கிறது. ஆட்டுக்குட்டிக் கதையும் முப்பது வருடம் நிற்கிறது.

க.பொ.த. உயர்தரத்தைத் தமிழில் எழுதி மருத்துவ பீடத்துக்குப் போன எம் போன்றவர்களுக்கு இது புத்தக அறிவு மட்டுமல்ல. வார்ட்டில் நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது பேராசிரியர் கேள்வி கேட்பார். பதில் தமிழில் தெளிவாகத் தெரியும். ஆங்கிலத்தில் வசனத்தைக் கூட்டி முடிப்பதற்குள், வீட்டில் ஆங்கிலம் கதைத்து வளர்ந்த பக்கத்து மாணவர் பதிலைச் சொல்லிவிடுவார். தெரியாதவர் என்ற பெயர் எமக்கு. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் மாணவியரில் அப்படி மௌனமாக நிற்பவர்களை நாம் காண்கிறோம். அவர்களில் எமது கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு.

இப்போது வேறு பக்கத்தில்

போரும் புலப்பெயர்வும் எமது சகோதரிகளை உலகெங்கும் கொண்டுபோயின. ரொறன்ரோ, இலண்டன், மெல்பேர்ன், ஒஸ்லோ என்று சங்கத்துக்குக் கிளைகள் உண்டு. அங்கே அதே உணர்ச்சி திசைமாறி நிற்பதைப் பல தாய்மார் அறிவார்கள்.

அங்கு பிறந்த பிள்ளை சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குப் போகிறது. கோடை விடுமுறையில் யாழ்ப்பாணம் வருகிறது. அம்மம்மாவைப் பார்த்து ஆசையாக ஒரு வசனம் சொல்கிறது. ழகரம் பிழைக்கிறது, அல்லது "அம்மம்மா வந்தான்" என்று விழுகிறது. சுற்றியிருந்த பெரியம்மா, சித்தி, மாமி எல்லோரும் சிரிக்கிறார்கள். பாசத்தோடு வந்த சிரிப்புத்தான். பிள்ளைக்கு அது தெரியாது. அந்த விடுமுறை முடியும்வரை பிள்ளை ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறது. பிறகு, "பிள்ளைக்குத் தமிழ் விளங்கும், ஆனால் கதைக்காது" என்று தாய் எல்லோருக்கும் விளக்கம் சொல்கிறாள்.

'இஸ்கூல்' என்று வாசித்த பிள்ளைக்கு நடந்ததும் இதுவே. ஒரு தலைமுறை ஆங்கிலத்தை இழந்த அதே வழியில் அடுத்த தலைமுறை தமிழை இழக்கிறது. இரண்டு இடத்திலும் பிழை திருத்தியவர்கள் பிள்ளைமீது அன்பு கொண்டவர்களே.

நூற்றாண்டை முன்னிட்டு எமது கிளைகள் கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கின்றன. கணினி கொண்ட மொழி ஆய்வுகூடம் நல்லது. வேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஆங்கிலப் பேச்சுப்போட்டிக்குச் சுழற்கிண்ணம் வழங்குவதும் நல்லதே. ஆனால் அந்தக் கிண்ணம் ஏற்கெனவே மேடையேறத் துணிந்த பிள்ளையிடம்தான் போகும். துணியாத பிள்ளைக்காக நாம் மூன்று விடயங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, வெளிநாட்டில் உள்ள சகோதரி ஒருவர் இங்குள்ள மாணவி ஒருவரோடு வாரத்தில் அரை மணித்தியாலம் தொலைபேசியில் ஆங்கிலத்தில் கதைப்பது. திருத்தக்கூடாது, புள்ளி போடக்கூடாது. இன்று என்ன சமைத்தீர்கள், பஸ்ஸில் யார் வந்தார்கள் என்று கதைத்தால் போதும். தம் பிள்ளையையும் அருகில் இருத்தினால், அந்தப் பிள்ளை இங்குள்ள அக்காவோடு பத்து நிமிடம் தமிழில் கதைக்கட்டும். இரண்டு பேரும் பிழை விடுவார்கள். யாரும் யாரைப் பார்த்தும் சிரிக்க முடியாது.

இரண்டு, ஆங்கில ஆசிரியைமாருக்கு உதவுவது. பயிற்சி, புத்தகம், கதைத்துப் பழக ஒரு துணை. வெண்கட்டி நடுங்காத கையே பிள்ளையின் நடுக்கத்தை மாற்றும்.

மூன்றாவது எமது சங்கத்தைப் பற்றியது. சங்கத்தின் ஆரம்பகாலக் கூட்டக் குறிப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. அது அக்கால வழக்கம். இன்றும் சில கூட்டங்களில், அறையில் உள்ள எல்லோருக்கும் தமிழ் தெரிந்திருந்தும், பேச்சு ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. அப்போது கடைசி வரிசையில் இருக்கும் சில சகோதரிகள் பேசாமல் இருந்துவிட்டுத் தேநீர் வேளையில் அழகாகக் கருத்துச் சொல்வார்கள். ஊரில் இருந்து பாடசாலையைக் காத்தவர்களில் பலர் அவர்களே. இனிவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், எந்த மொழியிலும், இரண்டையும் கலந்தும் பேசலாம் என்று தலைவி தொடக்கத்திலேயே அறிவிக்கவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

தொலைபேசித் திட்டத்தில் சேர விரும்பும் சகோதரிகள் தத்தம் கிளைச் செயலாளரிடம் பெயரைக் கொடுக்கலாம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தயங்கித் தயங்கிக் கதைப்பவர்கள் முதலில் வந்தால் மாணவியருக்கு இன்னும் நல்லது.